பிளைவுட்டில் ஒரு விமானம்

கொல்கத்தாவின் நியூ டவுனில் அரக்கோணத்து விமானம் ஒன்று நிற்கிறது. கடற்படையின் டியூ-142 கண்காணிப்பு விமானம் அது. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் 2017இல் ஓய்வு பெற்றது. 2022இல் நியூ டவுனில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. டம்டம் விமான நிலையத்தை ஒட்டிய இந்த அடுக்குமாடி நகரில் தலைக்கு மேலும் விமானம், தரையிலும் விமானம். வீட்டுக்குள்ளும் ஒன்று இருந்தால் என்ன என்று யாருக்காவது தோன்றினால் ஆச்சரியமில்லை.

கம்ப்யூட்டரில் ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டுவது பழைய பொழுதுபோக்கு. அதைச் சுற்றி நிஜ அளவில் விமானி அறையையே கட்டுவது அடுத்த படி. எதைக் கொண்டு கட்டுவது என்பதுதான் முதல் சிக்கல். விமானம் என்றதும் அலுமினியம் நினைவுக்கு வரும். ஆனால் இந்த விமானம் பறக்கப் போவதில்லை.

சிமுலேட்டரின் முன்னோடியே மரத்தில் பிறந்ததுதான். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில், தந்தையின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் வேலை கற்ற எட்வின் லிங்க் 1929இல் அதை உருவாக்கினார். மரப் பெட்டியை ஆட்டி அசைத்தவை ஆர்கன் துருத்திகள். முதலில் அது பொழுதுபோக்குப் பூங்காக்களில்தான் விலைபோனது. 1934இல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகு அமெரிக்க ராணுவம் 6 பெட்டிகள் வாங்கியது. கைவசம் இருந்த பொருளை அதனால் முடிகிற வேலைக்கு வைத்தார் லிங்க். வீட்டில் கட்டுபவருக்கும் அதுவே சூத்திரம்.

சட்டத்துக்கு எம்.டி.எஃப். பலகை மலிவு. வழவழப்பானது, வெட்டினால் பிசிறு வராது. ஆனால் கொல்கத்தாவில் மழை மாதங்களின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். வெட்டிய விளிம்பில் ஈரம் ஏறினால் எம்.டி.எஃப். உப்பும், ஸ்க்ரூ பிடி தளரும். எடையும் அதிகம்: 18 மில்லிமீட்டர் தடிமனில் 8க்கு 4 அடிப் பலகை ஒன்று 40 கிலோவை நெருங்கும். தச்சர்கள் '710' என்று கேட்டு வாங்கும் மரைன் பிளைவுட் விலை கூடுதல்தான். ஆனாலும் கடலோர ஊர்களில் சட்டத்துக்கு அதுவே நல்லது. எம்.டி.எஃப்.பை விளிம்புகளுக்கு பெயின்ட் பூசி, சுமை தாங்காத முகப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கால் மிதிக்கும் இடத்தில் சிக்கனம் கூடாது. பெரிய விமானங்களில் ரடர் பெடலை அழுத்த விமானிக்குச் சிறிது நேரத்துக்கு 150 பவுண்டு, அதாவது சுமார் 68 கிலோ விசை வரை தேவைப்படலாம் என்று அமெரிக்கச் சான்று விதிகள் அனுமதிக்கின்றன. வீட்டுப் பெடலுக்கு அவ்வளவு விசை வேண்டாம். ஆனால் பதற்றத்தில் உதைக்கும் காலுக்கு அது தெரியாது. பெடலும் இருக்கையும் ஒரே இரும்பு அல்லது அலுமினியச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும்.

எழுத்துகள் ஒளிரும் ஸ்விட்ச் பலகைகளுக்கு ஏற்றது அக்ரிலிக். தெளிவான தகட்டில் வெள்ளை பெயின்ட், அதன்மேல் சாம்பல் பெயின்ட் அடித்து, மேல் பூச்சில் மட்டும் லேசரால் எழுத்தைச் செதுக்க வேண்டும். பின்னால் எல்.இ.டி. வைத்தால் எழுத்து ஒளிரும். விளம்பரப் பலகைக் கடைகளில் கிடைக்கும் பி.வி.சி. ஃபோம் ஷீட் மலிவாயிற்றே என்று அதை லேசரில் வைப்பது ஆபத்து. சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு. அதைக் கத்தியால் வெட்டுவதே சரி.

இந்த அறையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் விமானி உரிமத்துக்கான பயிற்சிக் கணக்கில் அது சேராது. அதற்கு அங்கீகாரம் பெற்ற கருவி வேண்டும். எனவே நிஜ விமானத்தின் உலோகத்தைத் தேடி அலைவது வீண். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் கை அறிய வேண்டும். மிதித்தால் பெடல் நகரக் கூடாது. பணம் போக வேண்டியது அங்கேதான்.

கடைசியாக ஓர் அளவு: லிஃப்ட் கதவின் அகலம். பசை போட்டு ஒட்டும் முன் அதை அளந்துவிடுவது நல்லது.