சிகாகோவின் எல்லைக் கோடுகள்

1966 ஆகஸ்ட் 5 அன்று சிகாகோவின் தென்மேற்குப் பகுதியில் ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங்கின் தலையில் ஒரு கல் வந்து விழுந்தது. கறுப்பினத்தவருக்கு நகரின் எந்தத் தெருவிலும் வீடு கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இப்படியொரு வெறுப்பைத் தாம் கண்டதில்லை என்றார் அவர்.

கல்லெறிந்தவர்களை எல்லோருக்கும் தெரியும். கல்லெறியாமலே காரியத்தை முடித்தவர்கள் பலர். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அதை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல்தான் சொன்னது. 1930-களில் அரசு அமைப்பு ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தது. வங்கிக் கடன் கிடைக்காதவர்கள் தரகரிடம் தவணைக்கு வீடு வாங்கினார்கள். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் கைக்கு வராது. நடுவில் ஒன்று தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும்.

இந்தச் சிகாகோவின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2006-இல், 57 வயதில் மறைந்தவர் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங். முன்பின் அறியாதவர்கள் அவரவர் வேறுபாட்டோடு கூடி வாழும் இடமே நகரம் என்று 1990-இல் வெளியான நூலிலேயே வாதிட்டவர் அவர். தன் மொழி பேசுவோர், தன் வழிபாட்டிடம், தன் கடைகள் இருக்கும் தெருவில் குடியிருக்க ஒருவர் விரும்புவதில் அவர் தவறு காணவில்லை. சைனாடவுனும், மெக்சிகோ வம்சாவளியினர் திரண்ட பில்சனும் சிகாகோவுக்கு அழகுதான். ஒரு பகுதியின் எல்லையோடு பணமும் வசதியும் நின்றுவிடும்போதுதான் அநீதி தொடங்குகிறது. பணக்காரப் புறநகர் தனி நகராட்சியாகிறது. அடுக்குமாடி கூடாது, மனை இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி போடுகிறது. அந்த விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. வசூலாகும் சொத்துவரி அங்குள்ள பள்ளிக்கே போகிறது.

மறைவுக்குப் பின் 2011-இல் வெளிவந்த நூலில் யங் கற்பனையாக ஒரு தாயைக் காட்டுகிறார். பெயர் சாண்டி, இரண்டு பிள்ளைகள். அவள் குடியிருக்கும் கட்டடம் கைமாறுகிறது, காலி செய்ய வேண்டும். வேலைக்குப் போய்வர வசதியாக வீடு தேடுகிறாள், வாடகை கட்டுப்படியாகவில்லை. தொலைவில் பார்க்கலாம் என்றால் கார் வேண்டும். சேமிப்பு காருக்குப் போகிறது. ஒருவழியாக வீடு அமைந்தால், மூன்று மாத வாடகை முன்பணமாகக் கேட்கிறார்கள். அவளிடம் இல்லை. யாரும் சட்டத்தை மீறவில்லை, யாரும் அவளை ஏசவில்லை. ஆனாலும் அவள் தெருவுக்கு வரும் நிலை. இப்படிப்பட்ட அமைப்பில் பங்கெடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதை மாற்றும் பொறுப்பு உண்டு என்கிறார் யங். குற்றவாளியைத் தேடி ஓய்ந்துபோகும் விவாதங்களுக்கு நடுவே இது எவ்வளவு பெரிய வெளிச்சம்!

மிச்சிகன் பல்கலைக்கழகத் தத்துவவாதி எலிசபெத் ஆண்டர்சன் 2010-இல் எழுதிய நூலில், தன்னவரோடு சேர்ந்து குடியிருப்பதில் தவறில்லை என்ற யங்கின் கருத்தை மறுத்தார். பணத்தைப் பகிர்ந்தால் மட்டும் போதாது; மக்கள் கலந்து வாழாவிட்டால் வேலைவாய்ப்புத் தகவலும் அறிமுகங்களும் ஒரு பக்கமே தங்கிவிடும் என்பது அவர் வாதம். அது உண்மை. ஆனால் கலந்து வாழ்வதற்காக வீட்டையும் உறவையும் விட்டு இடம்பெயர வேண்டியவர் யார்? பெரும்பாலும் கறுப்பினக் குடும்பமே. அந்தச் சுமையை அவர்கள் தலையில் ஏற்றும் முன் பணத்தின் எல்லையைக் கலைப்பதே முறை.

கிங் கொல்லப்பட்ட ஏழாம் நாள், 1968 ஏப்ரல் 11 அன்று, வீடு தருவதில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. ஆனால் பணத்தின் எல்லை கலையவில்லை. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் பள்ளிகள் இன்றும் பெரிதும் உள்ளூர்ச் சொத்துவரியை நம்பியே நடக்கின்றன. அந்த வரியைப் பெருநகர் முழுமைக்கும் பொதுவாக்குவதே முதல் வேலை.