பெட்டியின் அடியில் வயது

கியூபச் சுருட்டின் வயதை அறியப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். 1985 முதல் அடிப்பலகையில் ஆலைக்கும் தேதிக்குமான குறியீடுகள் முத்திரையிடப்படுகின்றன. இன்றைய பெட்டிகளில் மாதம் ஸ்பானியச் சுருக்கமாக இருக்கும்: ‘எனே 15’ என்றால் 2015 ஜனவரி. அது பெட்டியில் அடைத்த மாதம். சுருட்டியது அதற்கும் முன்பு. ஆலைக் குறியீடு அவ்வப்போது மாற்றப்படுவதால், சேகரிப்பவருக்குத் தேதியே முக்கியம். புதுச் சுருட்டில் அம்மோனியா நெடி தூக்கலாக இருக்கும். ஏறத்தாழ 18 டிகிரி வெப்பத்திலும் 65 சதவீத ஈரப்பதத்திலும் வைத்தால் புளிப்பேற்றம் மெல்லத் தொடர்ந்து, காரம் தணியும். வெப்பம் கூடினாலோ இலைக்குள் கிடக்கும் வண்டு முட்டைகள் பொரிந்து, சுருட்டெல்லாம் ஊசித் துளைகளாகிவிடும். பழைய தேதிக்காக மட்டும் பெரும்பணம் கொடுப்பது வீண். பெட்டி எங்கே, எப்படி இருந்தது என்பதை எந்த முத்திரையும் சொல்வதில்லை.