சான்று கேட்கத் தெரியாத அரசியற் கல்வி

"மக்கள் எம் பக்கமே" என்று மேடையில் ஒருவர் முழங்கும்போது, "அஃது உமக்கு எவ்வாறு தெரியும்?" என்று கேட்கக்கூடிய மாணவர் ஒருவரையேனும் எமது பாடசாலைகள் உருவாக்கியுள்ளனவா? உயர்தர வகுப்பில் நாம் புகட்டும் பாடத்துக்கு அரசியல் விஞ்ஞானம் என்று பெயர். அரிஸ்டோட்டில் முதலாக அறிஞர் தந்த வரைவிலக்கணங்களைக் கொப்பியில் எழுதுவதும், கடந்தகால வினாத்தாள்களுக்கு விடைகளை மனனஞ் செய்வதுமே அங்கு பெரும்பாலும் நிகழ்கின்றன. இரசாயனம் பயில்வோரைச் சோதனைக் குழாயின் அருகிலேனும் கொண்டு செல்கிறோம். அரசியல் பயில்வோரோ வாக்காளர் இடாப்பொன்றைக் கண்ணாற் காணாமலே சித்தியெய்தி விடுகின்றனர்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. 1970ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 17 ஆசனங்களையும் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 91 ஆசனங்களையும் பெற்றன. ஆசனங்களை மட்டும் எண்ணுபவர், ஐக்கிய தேசியக் கட்சியை மக்கள் துடைத்தெறிந்தனர் என்பார். வாக்குகளை எண்ணுபவரோ, அக்கட்சிக்கு ஏறத்தாழ 38 வீதமும் மற்றதற்கு 37 வீதமும் கிடைத்ததைக் காட்டி, தோற்றவரே மக்களின் தெரிவு என்று வாதிடுவார். இருவர் கூற்றும் பிழை. சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாசக் கட்சியுடனும் கம்யூனிஸ்ட் கட்சியுடனும் தொகுதிகளைப் பங்கிட்டே போட்டியிட்டது. மூன்றின் வாக்குகளையும் கூட்டினால் ஏறத்தாழ 49 வீதம். ஆசனங்களோ 151இல் 116. பாதியை எட்டாத வாக்கு, நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட ஆசனங்களை ஈட்டித் தந்தது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு எத்தகைய பலத்தின்மீது எழுந்தது என்பதை இவ்வெண்களை ஒப்பிட்டுப் பார்க்காத மாணவர் எங்ஙனம் உணர்வர்?

எண்களைக் கூட்டத் தெரிந்தால் மட்டும் போதாது; எதனால் வகுக்கிறோம் என்பதும் தெரிதல் வேண்டும். 2010ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தோர் ஏறத்தாழ 23 வீதத்தினரே. "தமிழ் மக்கள் தேர்தலுக்கு முகந்திருப்பி விட்டனர்" என்று பலர் உடனே தீர்ப்பெழுதினர். ஆனால் அன்றைய இடாப்பில் இருந்த பெயர்கள் 721,359. போரினால் இடம்பெயர்ந்தோரும் கடல் கடந்தோரும் மாண்டோரும் அத்தாள்களில் குடியிருந்தனர். இடாப்பு திருத்தப்பட்டபின், 2015இல் அத்தொகை 529,239 ஆகியது. மாவட்டத்தின் ஆசனங்களும் 9இலிருந்து 7ஆகக் குறைந்தன. 2010இல் விழுந்த வாக்குகளைப் பிந்திய தொகையால் வகுத்தாலோ, வீதம் மூன்றிலொன்றை அண்மிக்கின்றது. எஞ்சியோர் ஏன் வாக்களிக்கவில்லை? வெறுப்பா, அச்சமா, அடையாள அட்டை இன்மையா? எந்த அட்டவணையும் இதற்கு விடை கூறாது. வீடு வீடாகச் சென்று, கேட்கும் வகையறிந்து கேட்டல் வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதற்கும் ஒரு முறையுண்டு. 1936இல் அமெரிக்காவின் "லிற்றரறி டைஜஸ்ற்" என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வினாச்சீட்டு அனுப்பி, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லண்டன் என்பவரே சனாதிபதியாவார் என அறிவித்தது. றூஸ்வெல்ற்றோ 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோரின் பட்டியல்களையே அச்சஞ்சிகை பெரிதும் நம்பியிருந்தது; ஏழையின் குரல் அதன் காதில் விழவில்லை. எமது சந்தியில் நால்வரை விசாரித்துவிட்டு "சனங்களின் அபிப்பிராயம்" எழுதும் நாம் அதனினும் மேலானவரா?

இவையெல்லாம் முதலாளித்துவப் பல்கலைக்கழகங்களின் வித்தை என்று முற்போக்கு நண்பர் சிலர் ஒதுக்குகின்றனர். 1880இல் பிரெஞ்சுத் தொழிலாளரின் வாழ்நிலையை அறியக் கார்ல் மார்க்ஸ் நூறளவிலான வினாக்களைக் கொண்ட வினாக்கொத்தொன்றைத் தாமே வரைந்தார் என்பதை அவர்கள் மறந்தனர் போலும். தொழிலாளரின் நிலையைத் தொழிலாளரிடமே கேட்டறிய அவர் விரும்பினார். எமது நண்பர்களோ கேளாமலே அறிந்துவிடுகின்றனர்!

மேனாட்டு முறை எமக்கெதற்கு என்போரும் உளர். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, கைக்குக் கிடைத்த முதல் ஏட்டை அப்படியே அச்சிட்டு அமைந்தாரல்லர். ஏடுகளைத் தேடினார், ஒப்புநோக்கினார், பாடபேதம் ஆராய்ந்தார். தமிழ் கற்ற எமக்கு அம்முறை அந்நியமன்று. ஏட்டுக்குக் காட்டிய நேர்மையை மக்களின் வாழ்வுக்கும் காட்டுவோம் என்பதே எமது வேண்டுகோள்.

ஆகவே, உயர்தர அரசியல் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரைப் பற்றிய சிறு ஆய்வொன்றை நிறைவேற்றுதல் கட்டாயமாக வேண்டும். இடாப்பிலிருந்து பக்கஞ்சாராது பெயர்களைத் தெரிவு செய்யவும், விடையைத் திணிக்காத வினாவை அமைக்கவும், சொன்னவர் பெயரை மறைத்துக் காக்கவும், தாம் விரும்பாத விடையையும் அழிக்காது பதியவும் அவர்கள் பழகட்டும். அவ்வாறு பழகிய தலைமுறையின் முன் வெறும் முழக்கம் செல்லாது. பாடத்திட்டம் வகுப்போரும் மேடையேறுவோரும் இதனை விரும்பாதிருக்கலாம். ஆசிரியராகிய நாம் அவர்களுடைய விருப்பத்துக்காகக் காத்திருத்தல் ஆகாது.