காய் யாருக்கு, சருகு யாருக்கு?

போன நவம்பரில் தாம்பரம் பக்கம் ஒரு தனி வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். ஓனர் வெளிநாட்டில். "தோட்டத்தைக் காடாக்கிட்டாங்க, காலி பண்ணச் சொல்லுங்க" என்று போனில் ஒரே கொதிப்பு. கொல்லையில் துவைக்கிற கல்லே தெரியாத அளவுக்குப் புல். தென்னை அடியில் நாலைந்து கொட்டாங்கச்சி. ஒன்றைக் கவிழ்த்தேன், கொசுப்புழுக்கள் தரையில் துள்ளின.

குடியிருக்கும் அம்மா வாசற்படியிலேயே நின்று கேட்டார்: "மாங்கா சீசன்ல ஓனரோட தம்பி வந்து சாக்குல கட்டிட்டுப் போறாரு. தேங்காயும் அவங்களுக்குத்தான். மட்டைய மட்டும் நாங்க பொறுக்கணுமா சார்?"

என்னிடம் பதில் இல்லை. வீடுகளைப் பராமரித்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கும் நம்மில் பலரிடமும் இருக்காது என்றே நினைக்கிறேன். நாம் போடும் 11 மாத அக்ரிமென்ட்டில் "வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். வாஷ்பேசின், ஃபேன், டியூப்லைட் எல்லாம் எண்ணி எழுதுவோம். மரத்தை எழுத மாட்டோம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றியது) இதில் தெளிவாகவே இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, குழாய் வாஷர் மாற்றுவதோடு தோட்டம், திறந்தவெளிப் பராமரிப்பையும் குடியிருப்பவர் கணக்கில்தான் வைக்கிறது. ஆனால் அவருக்கு வாடகைக்கு விட்ட இடமாகவோ அவர் புழங்கும் இடமாகவோ இருக்க வேண்டும். கொல்லையைப் பூட்டி ஓனர் தன் பழைய மரச்சாமான்களைப் போட்டு வைத்திருந்தால், அங்கே முளைக்கிற பார்த்தீனியம் ஓனருடையதுதான். தன் பொறுப்பில் உள்ள வேலையை வாடகைதாரர் செய்யாவிட்டால் நாம் செய்துவிட்டு முன்பணத்தில் கழிக்கலாம். அதற்கு அவர் குடிவந்த அன்று எடுத்த போட்டோ கையில் இருக்க வேண்டும், கூலி ரசீதும்தான். பார்வையிடப் போவதென்றால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வழிக்கு வரவில்லை என்று தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்துவது சட்டவிரோதம். இதை இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் நோட்டீஸ், பதில் என்று நாள் கடத்த முடியாது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்த கொட்டாங்கச்சியில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் தாங்கி, அடுத்த மழையில் பொரிக்கும். முதலில் ஆளை விட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள், கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் புல் வெட்டு என்று மாதாமாதம் சொல்லிப் பயனில்லை. மாதம் இரண்டு தடவை வரும் தோட்டக்காரர் கூலியைத் தொடக்கத்திலேயே பேசி வாடகையோடு சேர்த்துவிடுவது என் வழக்கம். மரம் ஏறுகிற கூலியும் கிளை வெட்டுகிற கூலியும் ஓனர் தலையில். காய் யாருக்கு என்பதற்கு அக்ரிமென்ட்டில் தனி வரி.

தாம்பரத்து ஓனரிடம் இந்தத் தனி வரியைப் பேசி முடிக்கத்தான் நேரம் பிடித்தது. மாங்காயை அவர் விடவில்லை, தேங்காயில் பாதி என்று இறங்கி வந்தார். ஜனவரியில் போனபோது துவைக்கிற கல் தெரிந்தது. மட்டைகள் மட்டும் மதிலோரம் சாய்ந்து கிடந்தன. கேட்டேன். வெந்நீர் அடுப்புக்கு எடுத்து வைத்திருக்கிறார்களாம்.