ஒரே வார்டு, ரெண்டு ஸ்கூல், ரெண்டு நியாயமா?



சென்னையில உங்க ஏரியாவுல பிள்ளையை ஆறாம் வகுப்பு சேர்க்கணும். பக்கத்துல ரெண்டு மாநகராட்சி நடுநிலைப் பள்ளி. எதுல சேர்க்கலாம்னு விசாரிச்சுப் பாருங்க. "இது வேஸ்ட்டுங்க, அந்தப் பக்கம் இருக்கறதுல சேருங்க"ன்னு தெருவே சொல்லும்.

பெற்றோரைக் குறை சொல்லல. அவங்க பிள்ளை, அவங்க கவலை. ஆனா ரெண்டு பள்ளியையும் நடத்துறது ஒரே மாநகராட்சிதானே? சொத்து வரியோட கல்வி வரியும் சேர்த்துத்தானே வாங்குறாங்க? வாடகைக்கு இருக்கறவரும் வாடகைக்குள்ள அதைக் கட்டுறாரே! வரி மட்டும் ஒண்ணு. ஒரு பள்ளியில அறிவியல் டீச்சர், இன்னொண்ணுல "சீக்கிரம் போடுவாங்க"ங்கற பதிலா?

நாம சலுகை கேட்கல. கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்றதைக் கேட்கிறோம். 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு:

👉 அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு ஆசிரியர்
👉 35 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர்
👉 100 பேருக்கு மேல் படித்தால் முழுநேரத் தலைமை ஆசிரியர்
👉 ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், நூலகம், விளையாட்டு மைதானம்

இது "நல்ல" பள்ளிக்கான பட்டியல் இல்லை. எல்லாப் பள்ளிக்கும் சட்டம் வைத்த குறைந்தபட்ச அளவு!

ஒரு பள்ளி எப்படிக் காலியாகுதுன்னு பாருங்க. கணக்கு டீச்சர் மாறுதலில் போறார், இடம் நிரம்பல. பெற்றோர் நாலு பேர் டிசி வாங்குறாங்க. ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலை எண்ணி, "மாணவர் குறைவு, ஆசிரியர் உபரி"ன்னு கணக்கு காட்டி, பணி நிரவல்ங்கற பேர்ல இன்னொரு ஆசிரியரையும் தூக்குறாங்க. அடுத்த வருஷம் இன்னும் பத்துப் பேர் போறாங்க. கடைசியில "சேர்க்கையே இல்லை, பக்கத்துப் பள்ளியோட இணைச்சிடலாம்"னு ஃபைல் நகருது. பள்ளியைப் பட்டினி போட்டுட்டு, அது மெலிஞ்சு போச்சுன்னு பழி சொல்றதுக்குப் பேர் நிர்வாகமா?

வேலைக்குப் போற அம்மா தினமும் பஸ் ஏத்தி அனுப்ப முடியாது. அவங்க பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளிதான் ஒரே பள்ளி. நாம டிசி வாங்கிட்டுப் போயிடுவோம். அந்தப் பிள்ளை எங்கே போகும்?

ஆட்சியாளர்கள் ஸ்மார்ட் போர்டு மாட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோ போடுறாங்க. வேண்டாம்னு சொல்லல. அந்த போர்டு பக்கத்துல நின்னு பாடம் நடத்த ஆள் எங்கே?

இனிமே நாம ஒப்பிடுவோம், வேற மாதிரி. வார்டுல உள்ள ரெண்டு நடுநிலைப் பள்ளியை எடுங்க. யூடைஸ் பிளஸ் தளத்துல 11 இலக்க எண்ணைப் போட்டா மாணவர், ஆசிரியர், கழிப்பறை விவரம் கிடைக்கும். ஒரே தாள்ல பக்கத்துப் பக்கத்துல எழுதுங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர்தான், அங்கே வையுங்க. பகுதி சபாவுல கவுன்சிலர் முன்னாடி படிங்க. பதில் வரலையா? 10 ரூபாய்க்குத் தகவல் உரிமை மனு போடுங்க.

"எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?"னு கேட்டது போதும். "இந்த ஸ்கூலை ஏன் இப்படி வச்சிருக்கீங்க?"ன்னு கேளுங்க!

உங்க வார்டு தாளை கமெண்ட்ல போடுங்க. பகிருங்கள்.

#பக்கத்துப்பள்ளி_நம்உரிமை
தகவல் தொழில்நுட்ப அணி