அடையாளத் தன்னுரிமைப் பிரகடனம்

ஒருவரின் பெயர் அவருக்கே உரியது. அவரது கைரேகையும் கையொப்பத்தின் நாணயமும் அவருக்கே உரியவை. இந்த எளிய உண்மையை நாட்டின் நடைமுறையாக்கவே நாங்கள் கூடியிருக்கிறோம்.

நகல்களின் காலம் முடிந்தது. சிம் கார்டுக்கு ஒன்று, வாடகை வீட்டுக்கு ஒன்று, விடுதி அறைக்கு ஒன்று என ஆதாரை ஊரெங்கும் இறைக்கச் சொன்ன பழைய ஒழுங்கு நம்மைப் பதிவுசெய்யக் கற்றது, பாதுகாக்கக் கற்கவில்லை. கேட்பது அதன் பழக்கம். கேட்டதைச் சிதறவிடுவது அதன் இயல்பு. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத பிரதி, மெஷினுக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டிக்குப் போகிறது. முகம், பிறந்த தேதி, தந்தை பெயர், கதவு எண், 12 இலக்கங்கள். நாளை யாரோ அந்தப் பெயரில் வாங்கப்போகும் கடனுக்கு அந்தப் பெட்டியே ஆவணக் காப்பகம். நிலப்பத்திரத்தில் வைத்த ரேகை போலி விரலாக வார்க்கப்பட்டு, ஆதார்வழிப் பணம் எடுக்கும் கருவியில் கணக்கைத் துடைத்ததைத் தெலங்கானா கண்டது. கடவுச்சொல்லை மாற்றலாம், கட்டைவிரலை மாற்ற முடியாது.

எங்கள் முதல் மறுப்பு, வெட்கத்துக்கு. பணம் இழந்தவரிடம் "ஓடிபியை ஏன் சொன்னே?" என்று வீடு கேட்கிறது, "படிச்சவர்தானே நீங்க?" என்று வெளியுலகம் கேட்கிறது. அவர் வாயடைத்து நிற்கும் நேரத்தில் பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவிவிடுகிறது. திருட்டின் பழியைத் திருட்டுக் கொடுத்தவர் தலையில் ஏற்றும் இந்த நீதியை நாங்கள் ஏற்கவில்லை. இனி எவரையும் ஏற்கவிடப் போவதுமில்லை.

இரண்டாவது மறுப்பு, அச்சத்துக்கு. டிஜிட்டல் கைது என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. வீடியோ அழைப்பில் சீருடை தெரிந்தாலும் இல்லை.

சட்டம் எங்கள் திசையில் நடக்கத் தொடங்கி ஆண்டுகள் ஆகின்றன. பிறர் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமித்துச் சொன்னார்கள். அதற்கு முந்தைய மாதம் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது: வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு நட்டமில்லை, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. நாங்கள் அறிந்த கிளைகளின் சுவரில் நகைக்கடன் விளம்பரத்துக்கு இடம் உண்டு. இந்த வரிக்கு இடம் இருந்ததில்லை. அந்த இடத்தைக் கேட்டுப் பெறுவது எங்கள் முதல் போராட்டம்.

உரிமைக்குக் குரல் கொடுக்கும் நாங்கள் ஒழுங்கையும் ஏற்கிறோம். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரையே தருவோம். நகலின் குறுக்கே காரணமும் தேதியும் எழுதுவோம். ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைப்போம். வெளிநாட்டுப் பரிவர்த்தனை தேவைப்படாத கார்டில் அந்த வசதியை அணைத்துவைப்போம். ஆண்டுக்கொரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை வாங்கி, நாம் வாங்காத கடன் நம் பெயரில் இருக்கிறதா என்று பார்ப்போம். சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் ஓடும் சிம்களை எண்ணுவோம். நாம் காக்காத அடையாளத்தைச் சட்டம் தனியே காத்துவிடாது. சட்டம் காக்காத அடையாளத்தை நாமும் தனியே காத்துவிட முடியாது.

இவ்வியக்கத்தில் சேர விண்ணப்பம் இல்லை, ஆதார் நகலும் வேண்டாம். பணம் போனது தெரிந்த நொடியில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அடுத்து வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். எழுத்தில் புகார் கொடுத்து அதன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீட்டாருக்கு விளக்கம் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.