எரியாத பல்பு என்ன சொல்லுது?

இந்த வாரம் ஹோம் வொர்க் ரொம்ப ஈஸி. அப்பாவோட கார், மாமாவோட வேன், பக்கத்து வீட்டு அண்ணனோட ஜீப்... எது கிடைச்சாலும் சரி. ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுட்டு, சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ண வேண்டாம். இப்ப டேஷ்போர்டைப் பாருங்க.

பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியணும். எண்ணெய்க் குடுவை படம் போட்ட விளக்கு எரியணும். பிரேக் விளக்கும் எரியணும். 'ஐயையோ, வண்டியில ஏதோ கோளாறு'ன்னு பதறாதீங்க. இஞ்சின் ஓடாதபோது இதெல்லாம் எரிவதுதான் சரி. இஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் முதல் ரெண்டும் அணையணும்; ஹேண்ட் பிரேக்கை இறக்கினா மூணாவதும் அணையணும். இதுல ஏதாவது ஒண்ணு எரியவே இல்லைன்னா, அப்பத்தான் மேட்டர் சீரியஸ்!

ஏன்னா எரியாத விளக்குக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, 'எல்லாம் நல்லா இருக்கு'. இன்னொண்ணு, 'சொல்ல வேண்டிய பல்பே ஃபியூஸ் போச்சு'. ஓட்டுறவர் கண்ணுக்கு ரெண்டும் ஒரே இருட்டுதான்.

தேவாரம் ஜீப்புல நீல விளக்கு

'கார் வச்சிருக்கிறவங்க கவலைப்படட்டும், நமக்கு எதுக்கு பாஸ்?'னு கேட்கிறவங்க ஒரு தடவை எங்க தேவாரம் பக்கம் வாங்க. விடியறதுக்கு முன்னாடியே தூக்குச்சட்டியோட ஜீப்புல ஏறி, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போற ஜனங்களைப் பார்ப்பீங்க. தேவாரம், போடி, கம்பம்னு இந்த அடிவார ஊர்கள்ல இருந்து கிளம்புற வண்டிகள் அவை. போடிமெட்டு வழியா ஏறினா 17 கொண்டை ஊசி வளைவு. மேலே போகப் போக மஞ்சு மூடிக்கும். ஜீப்புல பாதிப் பேர் தூங்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்காக முழிச்சிருக்கிறது டிரைவர் அண்ணனும், அவர் முன்னாடி இருக்கிற நாலைஞ்சு குட்டி பல்பும்தான்.

ஹை பீம் போட்டிருந்தா டேஷ்போர்டில் நீல விளக்கு எரியும். அந்த பல்பு போயிட்டா? மஞ்சுல ஹை பீம் போட்டா வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வளைவுல இறங்கி வர்றவருக்கும் கண் கூசும். 'டிம்'லதான் ஓட்டுறோம்னு நம்ம டிரைவர் நினைச்சிட்டு இருப்பார். தப்பு யார் மேல? ஒரு கிராம்கூட எடை இல்லாத பல்பு மேல!

சார்ஜிங் விளக்கு இன்னும் மோசம். ஏத்தத்துல ஃபேன் பெல்ட் அறுந்தா அந்த விளக்கு எரிஞ்சு காட்டிக் கொடுக்கும். பழைய இஞ்சின்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரைச் சுத்துற அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுத்துது. விளக்கு எரிஞ்சதும் ஓரங்கட்டினா பெல்ட் செலவோடு போச்சு. பல்பு செத்திருந்தா, ரேடியேட்டர்ல ஆவி கிளம்பும்போதுதான் விஷயமே தெரியும். பழைய டீசல் இஞ்சின் ஓட கரன்ட் அதிகம் தேவைப்படாது. அதனால வண்டி பாட்டுக்கு ஓடும். ஆனா ரெண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 10 ஆம்ப் பக்கம் பேட்டரியில இருந்து உறிஞ்சும். கொஞ்ச நேரத்துல வெளிச்சம் மங்கும்... அதுவும் மலைப்பாதையில, இருட்டுல.

ஏன் ஃபியூஸ் போகுது?

நம்ம செகண்ட் செமஸ்டர் ஃபிசிக்ஸ்தான். ஸ்விட்ச்சுக்குள்ள இருக்கிற 12 வோல்ட், 1.2 வாட் பல்பை எடுத்துக்குங்க. எரியும்போது 0.1 ஆம்ப் இழுக்கும். அப்படின்னா ரெசிஸ்டன்ஸ் 120 ஓம். ஆனா குளிர்ந்த டங்ஸ்டன் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் அதுல சுமார் பத்துல ஒரு பங்குதான். ஆக, ஸ்விட்ச் போட்ட நொடியில பத்து மடங்கு கரன்ட் பாயும். பல்பு பெரும்பாலும் போடுற நேரத்துல போறதுக்குக் காரணம் இதுதான்.

இன்னும் ரெண்டு எதிரி உண்டு. இஞ்சின் ஓடும்போது வண்டியில இருக்கிறது 12 வோல்ட் இல்லை, 14 வோல்ட் பக்கம். அதிக சூட்டில் டங்ஸ்டன் சீக்கிரம் ஆவியாகி, கண்ணாடி உள்பக்கம் கறுத்துப் போகும். கம்பி மெலிஞ்சுக்கிட்டே வரும். அடுத்தது அதிர்வு. தோட்டத்துக்குள்ள கல்லு ரோட்டில் ஃபர்ஸ்ட் கியர்ல ஏறுற ஜீப்போட ஆட்டத்தைச் சொல்லவா வேணும்?

மாத்தலாம் வாங்க!

வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டிடுங்க. ஸ்டியரிங் பக்கத்துல 'ஏர்பேக்'னு எழுதியிருந்தா அந்த ஏரியாவை மெக்கானிக் கையில விட்டுடுங்க. அங்கே ஹீரோயிசம் வேண்டாம்.

பழைய ஜீப்புல ஸ்விட்ச் குமிழைக் கழட்டினா உள்ளே ஒரு வட்ட நட் இருக்கும். அதுதான் ஸ்விட்ச்சைப் பிடிச்சிருக்கு. காரில் வர்ற அமுக்கு ஸ்விட்ச்சுகளில் ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் கிளிப். முடிஞ்சா பின்னாடி இருந்து தள்ளுங்க. முன்னாடி இருந்துதான் நெம்பணும்னா, ஸ்க்ரூ டிரைவர் முனையில துணி சுத்திக்குங்க. இல்லைன்னா டேஷ்போர்டில் விழுற கோடு உங்க பேரைச் சொல்லிக்கிட்டே இருக்கும்.

கனெக்டரைப் பிடிச்சு இழுக்கணும், ஒயரைப் பிடிச்சு இல்லை. அதுக்கு முன்னாடி செல்போன்ல ஒரு போட்டோ. பல்பு ஹோல்டர் பெரும்பாலும் கால் சுத்து சுத்தினா வெளியே வரும். பித்தளைக் குப்பி இல்லாத கண்ணாடி பல்புன்னா நேரா இழுக்கணும். குப்பி உள்ளதுன்னா அமுக்கித் திருகணும். விரல் நுழையலையா? சைக்கிள் கடை வால்டியூப் ஒரு துண்டு வாங்கி, பல்பு தலையில மாட்டி இழுங்க. சூப்பரா வரும்!

பல்பை மல்டிமீட்டர்ல வச்சுப் பாருங்க. சில ஓம் காட்டினா பல்பு நல்லா இருக்கு. திருடன் வேற எங்கேயோ. மலை ஈரத்துல ஹோல்டர் தகரம் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேயுங்க. ஃபியூஸ், எர்த் ஒயர் ரெண்டையும் பாருங்க. பல்புதான் போயிருக்குன்னா அதே சைஸ், அதே வாட்ஸ் வாங்குங்க. 'நல்லா வெளிச்சமா இருக்கட்டுமே'ன்னு பெரிய வாட்ஸ் போட்டா ஸ்விட்ச் பிளாஸ்டிக் உருகிடும். பழைய பல்பு மேல பச்சையோ நீலமோ ரப்பர் தொப்பி இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. கலர் அதுலதான் இருக்கு. திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை எரிய வச்சுப் பார்த்துடுங்க.

புது வண்டிகளில் பல விளக்குகள் போர்டிலேயே சால்டர் பண்ணின எல்.இ.டி. அதை நோண்ட வேண்டாம். ஆனா சாவி டெஸ்ட் அதுக்கும் உண்டு.

எல்.இ.டி. போடலாமா?

போடலாம், கணக்குப் போட்டுட்டு. வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட் போதும். வண்டியில 14 வோல்ட். மீதி 11 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கணும். 680 ஓம் போட்டா 16 மில்லி ஆம்ப், ஸ்விட்ச்சுக்கு தாராளம். ரெசிஸ்டர்ல கிட்டத்தட்ட 0.18 வாட் சூடாகும். அரை வாட் ரெசிஸ்டரா வாங்கினா பயமில்லை. எரியலைன்னா திருப்பி மாட்டுங்க, எல்.இ.டி.க்கு ப்ளஸ் மைனஸ் உண்டு.

ஒரே ஒரு இடத்துல மட்டும் கை வைக்காதீங்க... சார்ஜிங் விளக்கு! பல வண்டிகளில் அது வெறும் விளக்கு இல்லை. ஆல்டர்னேட்டர் வேலையை ஆரம்பிக்கத் தேவையான முதல் கரன்ட் அந்த பல்பு வழியாத்தான் போகுது. 3 வாட் பல்புன்னா 250 மில்லி ஆம்ப். அந்த இடத்துல 16 மில்லி ஆம்ப் எல்.இ.டி. போட்டாலோ, பல்பு செத்தே கிடந்தாலோ, ஆல்டர்னேட்டர் சட்டுனு விழிக்காமலே போகலாம். எலக்ட்ரீஷியன் அண்ணன் புது பேட்டரி வாங்கச் சொல்றதுக்கு முன்னாடி, 'அண்ணே, அந்த பல்பைப் பார்த்தீங்களா?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

ஒரு பல்பும் ஒரு விமானமும்

1972 டிசம்பர் 29. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானம், 176 பேரோட அமெரிக்காவின் மயாமியில் இரவில் இறங்க வருது. முன் சக்கரம் சரியா இறங்கிடுச்சுன்னு சொல்ற பச்சை விளக்கு எரியலை. 2,000 அடி உயரத்துல ஆட்டோ பைலட்டைப் போட்டுட்டு விமானிகள் அந்த விளக்கைக் கழட்டி ஆராய ஆரம்பிச்சாங்க. இன்ஜினியர் சக்கரத்தைப் பார்க்கக் கீழே இறங்கினார். இதுக்கு நடுவுல உயரத்தைப் பிடிச்சு வச்சிருந்த அமைப்பு விலகிப் போனதை யாரும் கவனிக்கலை. விமானம் மெல்ல மெல்ல இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தாங்க. விசாரணையில் தெரிஞ்சது: சக்கரம் சரியாத்தான் இறங்கியிருந்தது. விளக்கில் இருந்த ரெண்டு பல்பும்தான் ஃபியூஸ்.

நமக்கு இதுல ரெண்டு பாடம். விளக்கு பொய் சொல்லும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே அதைச் சோதிக்கணும். ஓடுற வண்டியில ஸ்விட்ச்சைத் தட்டுறது, நோண்டுறது கூடவே கூடாது. கொண்டை ஊசி வளைவுல ரெண்டு செகண்ட் ரொம்ப நீளம்.

இன்டஸ்ட்ரியல் விசிட் போனா கன்ட்ரோல் பேனல்ல 'லாம்ப் டெஸ்ட்'னு ஒரு பட்டன் இருக்கும், கவனிங்க. அதை அமுக்கினா எல்லா விளக்கும் ஒரு நிமிஷம் எரிஞ்சு 'நாங்க உயிரோட இருக்கோம்'னு ஆஜர் சொல்லும். வண்டியில அந்த பட்டன்தான் உங்க சாவி.

கடைசியா ஒரு எச்சரிக்கை. விளக்கு எரிஞ்சு தொல்லை பண்ணுதுன்னு பல்பையே பிடுங்கிப் போடுறவங்க இருக்காங்க. செகண்ட் ஹேண்ட் வண்டி விற்கும்போது கோளாறை மறைக்கவும் இதே டெக்னிக்தான். நண்பர்கள் சேர்ந்து பழைய கார் பார்க்கப் போனா, பெயின்ட் பளபளப்புல மயங்காதீங்க. முதல்ல சாவியை 'ஆன்'ல வச்சு, எத்தனை விளக்கு ஆஜர்னு எண்ணுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் விலை பேசாதீங்க, காரணம் கேளுங்க.

அடுத்த வாரம் இன்னொரு மேட்டரோட வர்றேன். வர்ட்டா!